கடலில் ராத்தங்கல்

என் தங்கை மகன் பழைய வேன் ஒன்று வாங்கினான். வாங்கிய மறுநாளே அதன் பின்பக்கத்து ஆசனங்களை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, எம்.கே.பி. நகரில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். தச்சர் வந்தார். ரம்பமும் உளியும் வந்தன. தெருவிலுள்ள குழந்தைகள் அத்தனை பேரும் வந்தார்கள். ஆட்கள் படுப்பதற்கு ஒரு பலகைக் கட்டில், கட்டிலுக்கு அடியில் அடுப்புக்கு ஓர் அறை, தண்ணீர்க் கேன்களுக்கு ஓர் அறை, கூரையில் தூண்டில் கழிகளைச் செருகுவதற்கு வளையங்கள் என்று வேலை மும்முரமாக நடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பிப் பழவேற்காட்டுக்குப் போவதாம். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி அங்கேயே தங்குவதாம். விடியற்காலையில் மீன் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டு வருவதாம்.

"மாமா, ஏதாவது விட்டுப் போயிருக்கா பாருங்களேன்" என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினான். நாற்பத்துமூன்று சாமான்கள் இருந்தன. கொசுவலை, டார்ச் விளக்கு, தீப்பெட்டி, மறுபடியும் ஒரு தீப்பெட்டி (முதலாவது நனைந்துவிட்டால் என்ன செய்வது என்ற முன்யோசனை), வெங்காயம் நறுக்குவதற்குப் பலகை, முதலுதவிப் பெட்டி. என் பாட்டனார் காசி யாத்திரைக்குப் புறப்பட்டபோதுகூட இவ்வளவு சாமான் எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டார். எனக்கோ இந்த விஷயத்தில் அனுபவம் பூஜ்யம். நாற்காலியில் உட்கார்ந்து கதை எழுதுகிறவனிடம் தூண்டில் முள்ளின் அளவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? "கேட்க வேண்டிய இடத்தில் கேட்கலாம், வா" என்று அவனைக் காசிமேட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

அது மே மாதம். வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை உண்டு. மீன்கள் இனம் பெருக்கட்டும் என்பதற்காக 2001இல் இந்தத் தடை தமிழ்நாட்டில் ஆரம்பமானபோது 45 நாள். 2017 முதல் 61 நாள். அந்த நாட்களில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும். மீன் இல்லாத மீன் துறைமுகம், கல்யாணம் இல்லாத கல்யாண மண்டபம் மாதிரி வெறிச்சென்று இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. படகுகளைக் கரைக்கு ஏற்றிச் சிப்பி சுரண்டுகிறார்கள். மரப்படகில் பலகை இடுக்குகளில் பஞ்சு அடைக்கிறார்கள். இரும்புப் படகில் பற்றவைக்கும் நெருப்புப் பொறி பறக்கிறது. இயந்திரங்கள் தரையில் பிரித்துப் போட்டுக் கிடக்கின்றன. பச்சையும் நீலமும் சிவப்புமாக வர்ணம் மணக்கிறது. ஊரே தன் வாகனத்தைப் பயணத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் நடந்ததையே, ஜீவனத்துக்காக ஆயிரம் பேர் இங்கே செய்துகொண்டிருந்தார்கள்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய்ப் பையன் தன் பட்டியலை முழுவதும் வாசித்தான். அவர் ஊசியை நிறுத்தாமல் நாற்பத்துமூன்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. ஐஸ் எங்கே?"

"தண்ணியிலே போட்டுக் குடிக்கவா தாத்தா?"

"மீனுக்குப்பா! நீ ராத்திரி தூங்கிடுவே. செத்த மீனு தூங்காது. நாறும்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்புறம் பல நாள் என்னை விட்டு அது போகவில்லை. ராத்தங்கலுக்கு முதல் சாமான் படுக்கையும் அல்ல, விளக்கும் அல்ல, ஐஸ். அப்படியானால், ஐஸ் இல்லாத காலத்தில் இந்தக் கரையிலிருந்து கடலுக்குப் போனவன் என்ன எடுத்துக்கொண்டு போனான்?

ஏறக்குறைய ஒன்றும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்பதுதான் பதில்.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1690இல் சென்னைக் கோட்டைக்கு வந்தவர். பாதி நாள் கொள்ளைக்காரர், மீதி நாள் கூர்மையான பார்வையாளர். 1697இல் அச்சான தம் பிரயாணப் புத்தகத்தில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவனை மட்டும் தாங்கும் சிறு மரங்களைப் பார்த்து, அவனுடைய காலும் இடுப்பும் எந்நேரமும் தண்ணீரிலேயே கிடக்கின்றனவே என்று வியந்திருக்கிறார். அந்த வியப்பில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. மற்ற எந்தப் படகுக்கும் உள்ளே, வெளியே என்று இரண்டு உண்டு. கட்டுமரத்தின் மேலே வந்த அலை இடுக்குகளின் வழியாகத் தானே கீழே இறங்கிப் போய்விடும். அது மூழ்காததற்குக் காரணம் அதுதான். அதில் ஒரு பிடி அரிசியைக்கூட உலர்வாக வைக்க முடியாததற்குக் காரணமும் அதுதான்.

லேசான மரத்துண்டுகள் மூன்று நான்கு. நடுமரம் சற்றுத் தாழ்வு, ஓரத்து மரங்கள் உயரம். முன்முனை வளைந்து மேல்நோக்கியிருக்கும். ஆணி என்ற பேச்சே இல்லை. முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு, கயிற்றால். இதன் மேல் ஒரு பாய், துடுப்பு, வலை, மீன் போட ஒரு பறி, குடிநீர்க் கலயம், பழையது. சாமான் பட்டியல் முடிந்தது. இந்தப் பெயரை ஆங்கிலேயர்கள் வாங்கிக்கொண்டு போய், இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுகளுக்குச் சூட்டிவிட்டார்கள். 1876இல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் அப்படி ஒரு படகு கட்டிப் பந்தயத்தில் எல்லாரையும் தோற்கடித்தார். அதற்கும் நம் கட்டுமரத்துக்கும் பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது. இப்போது அந்தப் பெயரில் கட்டிலும் சமையலறையும் குளியலறையும் உள்ள படகுகள் மிதக்கின்றன. இடுப்பளவு நனைந்து மீன் பிடித்தவனுடைய வார்த்தைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

கட்டுமரக்காரனுக்கு உலர்ந்த சாமான் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் அவனுடையதல்ல. துறைமுகம் இல்லாத பழைய சென்னையில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் மசூலாப் படகுகள் கரை சேர்க்கும். அவையும் கயிற்றால் தைத்தவை. ஆணி அடித்த படகு இந்த அலையில் ஒரு மோதலில் பிளந்துவிடும், தைத்த படகோ வளைந்து கொடுக்கும். அலை மிகவும் பொங்கி மசூலாவும் போக முடியாத நாளில், கடிதங்களைக் கட்டுமரக்காரன் கொண்டுபோவான். நனையாதபடி முடைந்த தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு அலையோடு மல்லுக்கு நிற்பான். கவிழ்ந்தால் நீந்தி ஏறிக்கொள்வான். தொப்பி மட்டும் தலையை விட்டு இறங்காது. இராயபுரத்தில் இராயப்பர் கோவிலைப் படகோட்டிகள் தங்கள் பணத்தில் எழுப்பினார்கள். இராயப்பரும் வலைவீசியவர்தானே!

கட்டுமரத்தில் ஒன்றும் இல்லாததற்குக் காரணம் வறுமை மட்டும் அல்ல. அதற்கு வேண்டிய எல்லாம் கரையில் இருந்தன. பின்னிரவில் நிலத்திலிருந்து காற்று கடலை நோக்கி வீசும். அதில் பாயை விரித்துப் போவான். பகல் ஏற ஏறக் காற்று திரும்பி கடலிலிருந்து நிலத்துக்கு வீசும், அதில் வந்துவிடுவான். டீசலுக்குப் பதில் சூரியன். மீன் கெடுவதற்கு முன் மீன் கரையில். திரும்பியதும் முதல் காரியமாகக் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் உருட்டிப் போடுவான். மரம் தண்ணீர் குடிக்கும். குடித்த தண்ணீரை வெயிலில் கக்கினால்தான் மறுநாள் மிதக்கும். ஆகவே கட்டுமரத்தின் உண்மையான உறுப்பு மணல். பாயைச் சொல்லலாம், துடுப்பைச் சொல்லலாம். பத்து அடி அகல மணல் இல்லாவிட்டால் அது வெறும் விறகு.

ராத்தங்கலே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. நாகப்பட்டினத்துப் பக்கம் கோலா மரம் என்று ஒன்று உண்டு. பறவைக் கோலா மீனுக்காகவே கட்டியது. சாதாரணக் கட்டுமரத்தைவிடப் பெரியது. கோடையில் அதைக் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போவார்கள். இலைக் கொத்துகளைக் கடலில் மிதக்க விட்டால், முட்டையிட இடம் தேடும் கோலா மீன்கள் அதைச் சுற்றி மொய்க்கும், வலையால் அள்ளுவார்கள். இரவைக் கடலிலேயே கழித்துவிட்டு வருவார்கள். ஆனால் அது பருவத்துக்கு ஒரு வேட்டை. நித்திய ஜீவனம் அன்றன்றைக்குத்தான். மிஞ்சின மீனுக்கு உப்பு. அந்த உப்புக்கும் வரி இருந்த காலத்தில், கருவாடு போடுகிறவர்களுக்கு வரியில்லாத உப்புக் கொடுக்கச் சென்னை அரசாங்கம் கடற்கரையோரம் தனிக் களங்கள் வைத்திருந்தது.

இந்த இடத்தில் சரித்திரம் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. மீனவனுக்கு உப்பே பெரிய காரியமாக இருந்த அந்த நூற்றாண்டில், சென்னையில் ஐஸ் இருந்தது! பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டூடர், குளிர்காலத்தில் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வாளால் அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலில் ஏற்றி உலகத்துக்கு விற்றவர். 1833இல் அவருடைய கப்பல் 180 டன் ஐஸை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குக் கிளம்பியது; நாலு மாதப் பயணத்தில் உருகியது போக ஏறக்குறைய 100 டன் வந்து சேர்ந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் அவருக்காக ஒரு வட்டக் கட்டிடம் எழுந்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ். பின்னால் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்க, 1897இல் விவேகானந்தர் வந்து தங்க, இப்போது விவேகானந்தர் இல்லம். அமெரிக்கக் குளத்து ஐஸ் மசூலாப் படகிலே அலையைத் தாண்டித்தான் கரைக்கு வந்தாக வேண்டும். துரைமார்களுடைய கிளாசுக்கும் ஜுரக்காரர்களுடைய நெற்றிக்கும் அது போயிற்று. அதைச் சுமந்து வந்த படகோட்டியின் உறவினன் பிடித்த மீன், அதே மணலில், அதே வெயிலில் கெட்டுக்கொண்டிருந்தது. ஐஸை மீனுக்குப் போடலாம் என்று யாருக்காவது தோன்றியிருந்தாலும் விலை கட்டியிருக்காது.

பிறகு அரசாங்கத்துக்கு மீன் ஞாபகம் வந்தது. சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்பவர் 1890களில் கிராமத்துக் கடன்காரர்களைப் பற்றி அறிக்கை எழுதி, கூட்டுறவு வங்கிகளுக்கு வழிகாட்டியவர். கடனைப் பார்த்து முடித்துவிட்டுக் கடலைப் பார்க்க வந்தார். 1907இல் அவர் பொறுப்பில் சென்னை மீன்வளத் துறை ஆரம்பமாயிற்று. கடனும் கடலும் ஓரெழுத்து வித்தியாசம்தான் என்று அவருக்குத் தமிழ் படித்துக்கொடுத்த முன்ஷி சொல்லியிருப்பாரோ என்னவோ. இயந்திரப் படகு பரவுவதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1950களில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்திலிருந்து படகு நிபுணர்கள் வந்து நம் கரைகளுக்கு ஏற்ற சிறு இயந்திரப் படகுகளை வரைந்து கொடுத்தார்கள். கேரளத்தில் நார்வேக்காரர்களின் திட்டம் நடந்தது. அப்புறம் வெளிநாட்டில் இறாலுக்கு விலை ஏறியது. இறால் வந்தது, அதன் பின்னால் இழுவலை வந்தது, அதன் பின்னால் ஐஸ் தொழிற்சாலை வந்தது. இயந்திரம் மீனவனைத் தூரம் கொண்டுபோயிற்று என்று சொல்வார்கள். என் அபிப்பிராயத்தில் அது பாதிதான் உண்மை. இயந்திரம் போக வைத்தது. அங்கேயே தங்க வைத்தது ஐஸ். எவ்வளவு வேகமான படகானாலும் ஐஸ் இல்லாவிட்டால் அன்று சாயங்காலமே மூக்கைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

அதே காலத்தில் வடசென்னையில் மணலும் போய்க்கொண்டிருந்தது. 1875இல் துறைமுகத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். 1881இல் புயல் வந்து கட்டியதை உடைத்தது; மறுபடியும் கட்டினார்கள். நம் கரையில் கடல், மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். குறுக்கே கல் சுவர் நீண்டதும், தெற்கே மணல் குவிந்து மெரீனா அகலமாயிற்று. வடக்கே இராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் மணலை இழந்தன. கடல் தெருவுக்குள் வந்தது. கருங்கல்லைக் கொட்டித் தடுத்தார்கள். மெரீனாவில் சுண்டல் சாப்பிடுகிற நாம் உட்காருவது ஒருவகையில் இராயபுரத்து மணல். கருங்கல்லில் கட்டுமரத்தை எப்படி உருட்டுவது, எங்கே உலர்த்துவது? 1970களில் தொடங்கி 1980களில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் வந்தபோது அது விசைப்படகுக்கு வீடாயிற்று. கட்டுமரத்துக்கு மேலும் சில காலம் அங்கங்கே மிஞ்சின மணல் துண்டுகள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை அவற்றையும் அடித்துக்கொண்டு போன பிறகு, நிவாரணமாக வந்தவை கண்ணாடி இழைப் படகுகள்.

இடையில் ஒரு சண்டையும் நடந்தது. 1970களின் இறுதியில் சென்னைக் கரையிலேயே கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுகாரர்களுக்கும் கைகலப்பு, படகுகள் எரிந்தன. கட்டுமரக்காரன் இருட்டில் விரித்த வலையை இழுவலைப் படகு அறுத்துக்கொண்டு போனால், ஒரு குடும்பத்தின் முதல் முழுவதும் போய்விடும். 1983இல் தமிழ்நாட்டில் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. காலை 5 மணிக்கு மேல் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்றும் விதி. இடத்தைப் பங்கு போட்ட சட்டங்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே இரவையே பங்கு போட்டுவிட்டார்கள். பகல் இயந்திரத்துக்கு, ராத்திரி கட்டுமரத்துக்கு! எவ்வளவு கவித்துவமான சட்டம்! ஆனால் ஐஸ் அறை வைத்த படகு இரவு 9 மணிக்கு வீடு திரும்புமா? தங்குகடல் உண்டா இல்லையா என்ற வழக்கு தூத்துக்குடியில் நீதிமன்றம் வரை போயிற்று. காசிமேட்டுப் படகுகளோ வாரக்கணக்கில் தங்கி வருகின்றன.

மறுபடியும் ஒரு நாள் தனியாகப் போய் அந்தப் பெரியவரையே பிடித்தேன். ஒரு படகில் ஏற்றிக் காட்டினார். தளத்துக்குக் கீழே ஐஸ் அறைகள். கட்டி கட்டியாக வரும் ஐஸை இயந்திரத்தில் உடைத்து உள்ளே கொட்டுகிறார்கள். ஒரு பங்கு மீனுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு ஐஸ் வேண்டும். ஆகவே போகும்போது படகு மீனில்லாமல், ஆனால் கனமாகத்தான் போகிறது. ஆயிரக்கணக்கான லிட்டர் டீசல், குடிநீர், அரிசி, எண்ணெய், காஸ் அடுப்பு, வலை இழுக்கும் வின்ச், திசை காட்டும் ஜி.பி.எஸ்.; ஆழமும் மீன் கூட்டமும் காட்டும் கருவி; வயர்லெஸ். ஓட்டுகிறவரின் அறைக்குப் பின்னால் எட்டுப் பத்துப் பேர் காலை நீட்டச் சிறு இடம். சமையலுக்கு வேறு ஓர் ஆள். கட்டுமரக்காரன் கரையில் விட்டுப் போனதை எல்லாம் இவர்கள் கூடவே தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

"ஒரு தபா போய் வர எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன்.

"கணக்கு ஐஸ்காரரண்ட, டீசல்காரரண்ட, ஏலக்காரரண்ட இருக்கும் சார்" என்றார். "எங்கிட்ட கடல்தான் இருக்கு."

ஏலம் விடும் வியாபாரி முன்பணம் கொடுப்பதும், கொடுத்தவரிடமே மீனைக் கொண்டுவர வேண்டியிருப்பதும், ஏலத்தில் அவர் கமிஷன் எடுத்துக்கொள்வதும் இந்தத் துறையில் நெடுநாள் வழக்கம். கட்டுமரத்தில் போனவன் வெறுங்கையோடு திரும்பினால் அன்று பட்டினி. பத்து நாள் படகு வெறுமையாகத் திரும்பினால் பத்து நாள் ஐஸும் பத்து நாள் டீசலும் கடன். அதனாலேயே வானம் கறுத்தாலும் இன்னும் ஒரு ராத்திரி இருந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. எந்த ராத்திரி திரும்புவது என்பதைக் காற்று தீர்மானித்த காலம் போய், கணக்கு நோட்டு தீர்மானிக்கும் காலம் வந்துவிட்டது.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் தங்குகடலில் எல்லாரையும் மிஞ்சியவர்கள். சுறாவையும் சூரையையும் தேடி ஒரு மாதம்கூடக் கடலில் இருப்பார்கள். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அவர்களிடம் இருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் பேசாது. ஐஸ் இருந்தது, டீசல் இருந்தது, அரிசி இருந்தது. கரையின் குரல் மட்டும் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவிகளைப் படகுகளில் பொருத்தும் வேலை சுறுசுறுப்படைந்தது.

எங்கள் எம்.கே.பி. நகருக்குப் பக்கத்திலேயே பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறது. ஓடுகிறது என்பது உபசார வார்த்தை. ஒரு காலத்தில் இதில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஆந்திரத்திலிருந்து இரவும் பகலும் வந்தன. பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயின் தென்பகுதியில் மாமல்லபுரத்துக்குப் படகில் போனதைப் பாட்டாகவே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் படகிலே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து போன ஆட்களுக்கு ஐஸ் வேண்டியிருக்கவில்லை. உப்பும் விறகும் நாறுமா? மேற்படி வேனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகுகளின் ஞாபகம்தான் வருகிறது.

தடைக்காலம் முடிகிற ஜூன் 14ஆம் தேதி சாயங்காலம் பையனை மறுபடியும் காசிமேட்டுக்கு அழைத்துப் போனேன். ஐஸ் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டித் தெருவே நனைந்திருந்தது. படகுகளுக்கு மாலை போட்டுக் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். பையனுடைய நோட்டில் நாற்பத்துநான்காவது சாமானாக ஐஸ் ஏறியிருந்தது. பெரியவர் தம் படகுக்கு ஐஸ் உடைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவன் போய், "தாத்தா, நான் எவ்வளவு ஐஸ் வாங்கணும்?" என்று கேட்டான்.

அவர் திரும்பாமலே, "எத்தினி மீனு பிடிப்பே?" என்றார்.